நினைவில் இல்லாத ஜனவரி

பிப்ரவரி 19

வணக்கம்.

கட்டிய மனைவிக்கு வணக்கம் போட்டுக் கடிதம் தொடங்குகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆறு வருஷமாக ஆளுக்கு ஓர் ஊரில் இருந்துவிட்டு, வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோழி கிளறியது போல இருக்கிறது என்று எனக்கே தெரியும். பயிற்சி கொடுக்க வருகிற பெண், "தினமும் ஒரு பக்கமாவது கையால எழுதுங்க சார், அப்பதான் விரல் சொன்ன பேச்சு கேக்கும்" என்கிறாள். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். லிஃப்ட் கம்பெனிக்கு விடுப்புக் கடிதம் எழுதியாயிற்று. மகளுக்கு எழுதினால், "அப்பா, ஒரு மெசேஜ் போடக் கூடாதா?" என்பாள். போனில் பேசலாமென்றால் நாக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ழகரமும் றகரமும் வாய்க்குள்ளேயே வழுக்கி விழுகின்றன.

வீட்டுக்கு வந்துவிட்டேன். கீழ் வீட்டுத் தையல்காரர்தான் சாப்பாடு, மாத்திரை எல்லாம் பார்த்துக்கொள்கிறார். நேற்று என் சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டே, "வீட்டுக்காரம்மா ஊருக்குப் போனதுலேருந்து உங்க மொகத்துல களையே இல்ல" என்றார். "எந்த வீட்டுக்காரம்மா?" என்று கேட்டேன். மனுஷர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

நீ மூன்று வாரத்துக்கு மேல் என் கட்டில் பக்கத்திலேயே இருந்தாயாம். எனக்கு ஊட்டிவிட்டாயாம். அவர் சொல்லச் சொல்ல, யாரோ ஒருத்தரின் கதையைக் கேட்பது போல உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: டிசம்பர் கடைசியில் துணிக்கடை லிஃப்டில் வேலை செய்தேன். தொண்டை வலி, காய்ச்சல். நாலைந்து நாளில் சரியாகி மறுபடியும் வேலைக்குப் போனேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் காலை கண் விழித்தால் ஆஸ்பத்திரி. நீ ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். சாயங்காலம் போய்விட்டாய்.

டாக்டரைக் கேட்டால், "அந்த நாட்கள் திரும்பி வராதுங்க, அதைத் தேடிக்கிட்டிருக்காதீங்க" என்கிறார். மகளைக் கேட்டால், "அம்மாவைக் கேளுங்கப்பா" என்கிறாள். அதனால் கேட்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

செய்த உதவிக்கு மிக்க நன்றி.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 2

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. "செய்த உதவிக்கு மிக்க நன்றி" என்று நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்தால் உங்களுக்கு வாடிக்கையாளர்கள் இப்படித்தான் எழுதித் தருவார்கள். நமக்குள் அது வேண்டாம்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன்.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்குக் கால் கனக்க ஆரம்பித்திருக்கிறது. அலுப்பு என்று விட்டுவிட்டீர்கள் போல. ஒரு கண்ணில் புகை மூட்டம் என்று தையல்காரரிடம் சொன்னீர்களாம். அப்புறம் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இது எத்தனாவது மாடி?" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எழுந்திருக்க முடியவில்லை. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தையல்காரர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்த மனுஷரை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பர்ஸில் கம்பெனி அட்டை இருந்ததாம். அவசரத்துக்குக் கூப்பிட என்று அதில் இன்னும் என் நம்பர்தான் இருந்திருக்கிறது. பள்ளியில் செய்முறைத் தேர்வுக்குக் குடுவைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. சாவிக்கொத்தைத் தலைமையாசிரியை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஸ்கேனில் மூளையிலும் முதுகுத்தண்டிலும் வெள்ளை வெள்ளையாக, பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல இருந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி உள்ளே இல்லை என்றார்கள். டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்: "காய்ச்சலை விரட்டறதுக்குக் கெளம்பின படைம்மா இது. வேலை முடிஞ்சா கலைஞ்சு போகணும். சில பேருக்குக் கலையாம, நரம்பு மேல இருக்கிற உறையை எதிரின்னு நெனச்சு அரிக்க ஆரம்பிச்சுடும். குழந்தைங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும். பெரியவங்களுக்கும் வர்றதுண்டு."

மகள் போனில் ஒரே அழுகை. "போன வருஷம் கம்பெனில தடுப்பூசி போட்டாங்களே, அதனாலயாம்மா?" என்றாள். அதையும் கேட்டேன். தடுப்பூசிக்குப் பிறகு இப்படி ஆவது மிக மிக அபூர்வம், ஆனாலும் சில வாரங்களுக்குள் தெரிந்துவிடும், உங்களுக்கு ஊசி போட்டு எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, இது அந்தத் தொண்டைக் காய்ச்சலின் வேலைதான் என்றார். அவளிடம் அப்படியே சொன்னேன். யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதில் பெரிய மாற்றமில்லை. பிறகு ரத்தத்திலிருக்கும் நீர்ப்பகுதியைப் பிரித்து மாற்றினார்கள். அதற்கப்புறம்தான் கால் விரல் அசைந்தது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பசி அதிகமாக எடுக்கும், சர்க்கரை ஏறும். தையல்காரர் பாவம் பார்த்து இரண்டு தடவை சாப்பாடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

டாக்டர் உனக்குச் சொன்ன விளக்கம் எனக்குச் சட்டென்று புரிந்தது. லிஃப்டில் வயரின் மேலுறை உரிந்துபோனால் இதே கதைதான். மோட்டாரில் குற்றமிருக்காது, கயிற்றில் குற்றமிருக்காது. கீழே பட்டனை அமுக்கினால் மேலே மெஷின் அறைக்குச் சேதி போய்ச் சேராது. இல்லாவிட்டால் மூன்றாவது மாடிக்கு அமுக்கினால் கதவு திறந்து திறந்து மூடும். என் காலும் இப்போது அப்படித்தான். எழுந்திரு என்று சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறது.

நாலுகால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து சமையலறை வரை போகிறேன். இடது கண் பரவாயில்லை. ஆனால் அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் சிவப்பு சிவப்பாக இல்லை. தையல்காரர் சிவப்புத் துணி ஒன்றைக் காட்டி, "இது என்ன கலர்?" என்றார். "வெயில்ல காயப்போட்ட சிவப்பு" என்றேன். "பரவால்ல, கவிதையெல்லாம் வருது" என்று சிரித்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோது நான் உன்னிடம், "மெஷின் ஓடப்போவுது, பெட்டியைப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். லிஃப்ட் மெஷின் போல என்று அவர் விட்டுவிட்டார். எனக்குத் தெரியும், அது லிஃப்ட் இல்லை.

அச்சகத்துக்கு மேலே நாம் முதன்முதலாகக் குடியிருந்த அறை. காலையில் கீழே மெஷினைப் போட்டால் தரை முழுக்க அதிரும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் வட்டம் வட்டமாக அலை போடும். உன் தகரப்பெட்டி மட்டும் அதுவாகவே கதவை நோக்கி நகரும். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் தள்ளினால் பெட்டி இடிக்கும். "உன்னோட பெட்டி தினம் அம்மா வீட்டுக்குக் கெளம்புது" என்பேன். அச்சகத்துக்காரர் தப்பாக அடித்த கல்யாணப் பத்திரிகைகளை அலமாரியில் விரிக்கக் கொடுப்பாரே, நினைவிருக்கிறதா? ஒன்றில் மணமகள் என்று இருக்க வேண்டிய இடத்திலும் மணமகன் என்று அடித்துவிட்டார்கள். இரண்டு மாப்பிள்ளைகள் சேர்ந்து நம் தட்டுகளைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அச்சு மையின் வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் வருகிறது. இந்த ஜனவரியில் நடந்தது வரமாட்டேன் என்கிறது, முப்பது வருஷத்துக்கு முந்தியது வா என்றால் வந்து நிற்கிறது.

நான் வேறென்ன சொன்னேன்? மறைக்காமல் எழுது. அசிங்கமாக ஏதாவது பேசியிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஏப்ரல் 5

அன்புள்ளவருக்கு,

தேர்வெல்லாம் முடிந்தது. இந்த வருஷம் உடைந்த சோதனைக்குழாய்கள் குறைவு. ஒரு பெண் மட்டும் அமிலக் குடுவையைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "மிஸ், அது தானா குதிச்சிடுச்சு" என்றாள். உங்கள் தகரப்பெட்டியை நினைத்துக்கொண்டேன். உங்களுடையது இல்லை, என்னுடையது.

நீங்கள் அசிங்கமாக ஒன்றும் பேசவில்லை. சொல்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் யாரையும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் மதியம் என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள். எந்த வருஷத்து என்னை என்பதுதான் கேள்வி. "ஏன் நின்னுட்டே இருக்கே, ஒக்காரு. பெட்டி எங்கயும் போகாது, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். நர்ஸ் வந்தாள். அவளிடம், "நாங்க புதுசா கல்யாணம் ஆனவங்க சிஸ்டர். கொஞ்சம் திரையை இழுத்து விட்டுட்டுப் போறீங்களா?" என்றீர்கள். எனக்கு ஐம்பத்தோரு வயது. முட்டிக்குத் தைலம் தடவின வாசனையோடு நிற்கிறேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாளிலிருந்து வார்டு முழுக்க எனக்குப் புதுப்பெண் என்று பேர்.

தினமும் ஒரு கேள்வி கேட்பீர்கள். "இன்டர்வியூ என்னாச்சு?" நம் கல்யாணமான வருஷம் ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்குப் போனேனே, அந்த இன்டர்வியூ. முதல் நாள் என்ன சொல்வதென்று தெரியாமல், "கெடச்சிடுச்சு" என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தூக்க முடியாத கையைத் தூக்கப் பார்த்தீர்கள். "அப்ப இனிமே நீ டீச்சர்" என்றீர்கள். "டீச்சர் இல்லீங்க, லேப்" என்றேன். "வெள்ளைக் கோட்டு போட்டா டீச்சர்தான்" என்றீர்கள். அன்றைக்கு அந்த அறையில் சொன்ன அதே வார்த்தை. மறுநாள் மறந்துபோய் மறுபடியும் கேட்பீர்கள். மறுபடியும் சொல்வேன். மறுபடியும் அதே சந்தோஷம். அந்த வார்டில் ஒரே வேலை எனக்கு எத்தனை தடவை கிடைத்தது என்று கணக்கே இல்லை.

நான் திருத்தவில்லை. டாக்டர், "சும்மா ஆமான்னு சொல்லிட்டுப் போங்க, வாதாடாதீங்க" என்றார். அவர் சொன்னதற்காக மட்டும்தான் திருத்தாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

ஒன்று யோசித்தேன். அந்த அறையில் மெஷின் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் கேட்கும். அதனாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். சத்தமில்லாத வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் பேச்சு குறைந்தது. நல்ல வீடு பார்த்தோம் என்று எவ்வளவு பெருமையாக இருந்தது அப்போது.

இப்படிக்கு,
டீச்சர்


மே 11

அன்புள்ள டீச்சர்,

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். தையல்காரர் படுக்கையை உதறும்போது பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பவும் வைத்துவிட்டார்.

ஸ்டாண்டை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். நாக்கும் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. கம்பெனியில் போய்ப் பார்த்தேன். இனிமேல் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி வேலை செய்ய விடமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. அந்தரத்தில் நின்றுகொண்டு, கால் யோசித்துக் கொண்டிருந்தால் கதை முடிந்தது. புகார் வாங்குகிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். "நாலாவது மாடியில மாட்டிக்கிட்டோம், காத்து வரல" என்று உள்ளேயிருந்து பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆள் போய்ச் சேரும்வரை அவர்களைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். என்னைப் போய். முதல் நாளே ஓர் அம்மாவிடம், "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. "என்ன வாங்கப் போனீங்க?" என்றேன். அந்தம்மா ஆள் வருகிறவரை மூச்சு விடாமல் சொன்னார்கள்.

ஜூலையில் மறு ஸ்கேன். அதைப் பற்றி உனக்கு டாக்டர் சொன்னாரோ இல்லையோ. இந்த வியாதி பெரும்பாலும் ஒரே தடவையோடு போய்விடும். ஆனால் புதிதாக வெள்ளைத் திட்டு ஏதாவது முளைத்திருந்தால், இது அது இல்லை, திரும்பத் திரும்ப வருகிற வேறொன்று என்று அர்த்தமாம். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதையும் அதற்கப்புறம்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூலை 20

அன்புள்ள டீச்சர்,

ஸ்கேன் வந்துவிட்டது. புதிதாக ஒன்றுமில்லை. பழைய திட்டுகளில் பாதி காணவே இல்லை, மீதியும் சுருங்கியிருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, "பாருங்க, நல்லா ஆறிக்கிட்டு வருது" என்றார். இன்னும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாராம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். அவர் வேறு யாருக்கோ ரத்தம் கொடுக்க வந்தவர். எழுந்து கைகுலுக்கினார்.

இப்போது கேட்கிறேன். நோயாளியாகக் கேட்டால் நீ பரிதாபப்பட்டு வந்துவிடுவாய் என்றுதான் இவ்வளவு நாள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துவிடு. உன் பள்ளியில் மாற்றல் கேட்டுப் பார். இல்லையென்றால் நான் அங்கே வருகிறேன். புகார் மேஜை எந்த ஊரிலும் இருக்கும்.

ஜனவரியில் நான் எப்படி இருந்தேன் என்று நீ எழுதியதைப் படித்துப் படித்து, நானே அங்கே இருந்ததைப் போல ஆகிவிட்டது. அப்படியே இருந்துவிடலாமே. அந்த அறையில் இருந்ததைப் போல. அச்சகம் இருந்த தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே பல் ஆஸ்பத்திரி. மேலே நம் ஜன்னல் அப்படியே இருக்கிறது, பச்சை அடித்திருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டர், "உள்ள வாங்க, வலி ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 14

அன்புள்ளவருக்கு,

ஸ்கேன் சேதி படித்ததும் ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படிக்கும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

நான் வரவில்லை.

உங்கள் மேல் கோபமில்லை. ஜனவரியில் அந்தக் கட்டிலில் இருந்த மனிதர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். என்னைப் பற்றிக் கேட்டார். எனக்கு வேலை கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த விடுதி அறைக்குக் குளிக்கப் போனால், சீக்கிரம் திரும்ப வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, இன்னும் ஒரு நாள் இப்படியே போகட்டும் என்றும் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் காலை நீங்கள் கண் விழித்தீர்கள். பார்வை தெளிந்திருந்தது. என்னைப் பார்த்து, "நீ எதுக்கு வந்தே?" என்றீர்கள். வேறெதுவும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். உங்களுக்குத் தெரியாது, நான் அன்றைக்குத்தான் வந்தேன் என்று நினைத்தீர்கள், அது உங்கள் முதல் கடிதத்திலேயே புரிந்துவிட்டது. ஆனால் அந்த முதுகு எனக்குப் பழக்கமான முதுகு. எத்தனையோ வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

நமக்குள் பெரிய சண்டை என்று ஒன்றுமே நடந்ததில்லை. யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. உங்களுக்கு ஏதாவது பிடிக்கவில்லையென்றால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். வாரக்கணக்கில். "உங்கம்மாகிட்ட சொல்லு, சாவி ஆணியில இருக்குன்னு" என்று மகளிடம் சொல்வீர்கள். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். அவள் கல்யாணமாகிப் போனபிறகு நடுவில் சொல்லியனுப்ப ஆளில்லை. வீட்டில் ஒரு பேச்சும் இல்லாமல் போய்விட்டது. இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது உங்களிடம் சொன்னேன். "சரி" என்றீர்கள். போகாதே என்றோ, ஏன் போகிறாய் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இப்போது உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். அழகாக எழுதுகிறீர்கள். சிரிக்க வைக்கிறீர்கள். ஆனால் கேட்டதெல்லாம் எனக்கு என்ன ஆயிற்று, நான் என்ன சொன்னேன், வேறென்ன சொன்னேன். நான் எங்கே இருக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. முட்டியில் தைலம் போட்டேன் என்று எழுதினேன். அதைக்கூடத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

நீங்கள் கூப்பிடுவது அச்சகத்துக்கு மேலே இருந்த பெண்ணை. அவளை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கும் தெரியாது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்


செப்டம்பர் 3

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் சொல்லி நாலைந்து தடவை எழுதினேன். எல்லாம் என்னைப் பற்றியே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் இதில் என் சேதி ஒன்றுமில்லை.

உன் முட்டி இப்போது எப்படி இருக்கிறது? இரண்டு கால்களிலுமா, ஒன்றிலா? டாக்டரிடம் காட்டினாயா, இல்லை தைலத்தோடு ஓட்டுகிறாயா? நீ இருப்பது எத்தனாவது மாடி? அறையில் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? காலையில் பள்ளிக்கு நடந்து போகிறாயா, பஸ்ஸிலா? சாப்பிடும்போது பேச யாராவது இருக்கிறார்களா? அமிலத்தைக் கீழே போட்ட அந்தப் பெண்ணைத் திட்டினாயா?

இந்த ஆறு வருஷத்தில் உனக்கு உடம்புக்கு வந்ததா? வந்தபோது யார் பார்த்துக்கொண்டார்கள்? இதைக் கேட்கும்போது கை நிற்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நீ இப்போது எதற்குச் சிரிக்கிறாய் என்று தெரியவில்லை. அதையும் எழுது.

நீ வர வேண்டாம். நான் வா என்று இனிமேல் எழுதமாட்டேன். பதில் போட்டால் போதும். நேரமில்லையென்றால் ஒரு கேள்விக்கு மட்டும் போடு, மீதியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்கிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


செப்டம்பர் 24

அன்புள்ளவருக்கு,

வலது முட்டிதான். டாக்டரிடம் காட்டினேன். தேய்மானம் என்றார். உங்கள் லிஃப்டுக்குச் சொல்வது போலவே சொன்னார், எண்ணெய்தான் போடவில்லை.

இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் பின்பக்கம். காலையில் பஸ்களை வரிசையாக நிறுத்திக் கழுவுவார்கள். கழுவுகிறவர்களில் ஒருத்தர் நன்றாகப் பாடுவார், பாட்டின் இரண்டாவது வரி மட்டும் அவருக்குத் தெரியாது. முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடுவார். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் தினமும் சிரிக்கிறேன்.

பள்ளிக்கு நடந்துதான் போகிறேன். சாப்பிடும்போது பேச ஆளில்லை. எதிர் அறைக் கணக்கு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வருவார். அவர் பேசுவார், நான் கேட்பேன். அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. அவள்தான் இப்போது எனக்குக் குடுவை கழுவ உதவி செய்கிறாள்.

உடம்புக்கு ஒரு தடவை வந்தது. போன வருஷ மழையில், நாலு நாள் காய்ச்சல். யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியாயிற்று. ஒன்றை அடுத்த தடவைக்கு என்று வைக்க எனக்குத் தெரியவில்லை.

வரும் சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான். உங்களுக்கும் விடுமுறையாக இருந்தால், காலை பஸ்ஸைப் பிடித்தால் நான் வேலை முடிக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம். முன்சீட்டில் உட்காருங்கள், கால் நீட்ட இடமிருக்கும். டிப்போவுக்கு எதிரில் சுத்தமான விடுதி ஒன்று இருக்கிறது, ஓர் அறைக்குச் சொல்லி வைக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று நான் யோசிக்கவில்லை. நீங்களும் யோசித்துக்கொண்டு வராதீர்கள்.

பள்ளி வாசலில் காவலாளி இருப்பார். யாரையும் லேசில் உள்ளே விடமாட்டார். ஆய்வுக்கூடத்து அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். நான் சொல்லி வைக்கவில்லை. என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்து ஜன்னல் வாசலுக்குப் பக்கத்தில்தான். அங்கே பேசுவது எனக்குக் கேட்கும்.

அன்புடன்,
டீச்சர்